கணக்கு எழுதுபவருக்கு எந்தச் சாவி?

டிப்ளமோ வாங்கியதும் நம்மில் சில பேர் லேத் பட்டறையோ வெல்டிங் ஷெட்டோ போடத்தான் போகிறோம். தொழில் கொஞ்சம் வளர்ந்தால் கணக்கு எழுத ஓர் ஆள் வேணும். அவருக்கு பாங்க் ஸ்டேட்மென்ட் வேணும், ஜிஎஸ்டி கட்டணும், சம்பளம் போடணும். முதலாளிமார் பலர் என்ன செய்கிறார்கள்? தங்கள் யூசர் ஐடி, பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு ஓடிபி வரும் சிம்மைப் பழைய போனில் போட்டு அவர் மேசையிலேயே வைத்துவிடுவது!

கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் புத்தகத்தைக் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான். பாஸ்வேர்டு போன்றவற்றை வாடிக்கையாளரே வெளியே சொல்லிப் பணம் போனால், புகார் செய்யும்வரை ஆன நஷ்டம் முழுவதும் அவருடையதே என்று ரிசர்வ் பாங்க் 6.7.2017 சுற்றறிக்கையில் சொன்னது.

சரியான வழி, வணிகக் கணக்குக்குப் பலர் பயன்படுத்தும் நெட் பாங்கிங் கேட்டு வாங்குவது. ஸ்டேட் பாங்கில் 'சரல்' ஒரே ஆளுக்கானது, 'வியாபார்' பல பேருக்கானது. அதில் ஒவ்வொருவருக்கும் தனி ஐடி. ஒருவர் பார்க்க மட்டும் செய்யலாம். இன்னொருவர் பணம் அனுப்பும் விவரத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் வேறொருவர் ஒப்புதல் தராமல் பணம் நகராது. இதை 'மேக்கர்', 'செக்கர்' என்பார்கள். கணக்கர் மேக்கர், நாம் செக்கர். ஒப்புதல் கொடுக்கும்போது தொகையை மட்டும் பார்த்தால் போதாது, யார் கணக்குக்குப் போகிறது என்றும் பார்க்கணும். புதுப் பெயர் சேர்ப்பதும், பதிவான செல் நம்பரை மாற்றுவதும் நம்மிடமே இருக்கட்டும்.

"நம்ம ஆள் நல்லவர்ங்க" என்பீர்கள். இருக்கலாம். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்து டிக்ஸன் என்ற சின்ன ஊரிலும் அப்படித்தான் நம்பினார்கள். நகராட்சிக் கணக்கைப் பார்த்த ரீட்டா கிரண்ட்வெல், 1990-ல் ஊர்ப் பெயரிலேயே ரகசியமாக ஒரு பாங்க் கணக்கு திறந்தார். பணம் கட்டுவதும் அவரே, ஸ்டேட்மென்டைச் சரிபார்ப்பதும் அவரே. 2011-ல் அவர் நீண்ட லீவில் போனபோது, பதிலுக்கு உட்கார்ந்த ஊழியர் பாங்கில் எல்லா ஸ்டேட்மென்டையும் கேட்டார். யாருக்கும் தெரியாத கணக்கு ஒன்று கூடவே வந்தது! போனது 5 கோடியே 37 லட்சம் டாலர். 2013-ல் 19 வருஷம் 7 மாதம் சிறைத் தண்டனை.

ஆகவே தனி ஐடி கொடுத்த பிறகும் மாதம் ஒரு தடவை ஸ்டேட்மென்டை நாமே இறக்கிப் பார்க்கணும். அவர் அச்செடுத்துத் தருவதை அல்ல.

இதில் கணக்கருக்கும் லாபம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. முதலாளியின் ஐடியில் இரண்டு பேர் நுழைந்தால், நாளை ஒரு தொகை காணாமல் போகும்போது பழி யார் மேல் விழும்? சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் மேல்தான். தனி ஐடி இருந்தால் யார், எப்போது, என்ன செய்தார் என்பது பாங்கின் பதிவிலேயே இருக்கும். நம்மில் யாராவது அந்த மேசையில் உட்கார நேர்ந்தால், முதலாளி பாஸ்வேர்டை நீட்டினாலும் வாங்காமல், "எனக்குத் தனி ஐடி போட்டுக் கொடுங்க சார்" என்று கேட்கலாம்.