நல்ல வீடு எது?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பது பழமொழி. இரண்டிலும் பணம் கரையும். கல்யாணச் செலவு ஒரு நாளில் முடியும். வீடு அப்படியல்ல. பேரப் பிள்ளைகள் காலம் வரை நிற்க வேண்டும்.

மும்பையில் இடம் குறைவு. விலை அதிகம். தாராவியில் 10 அடி அகலம், 15 அடி நீளம் உள்ள அறையில் ஒரு குடும்பமே வாழ்கிறது. சமையல் அங்கேதான். படுக்கை அங்கேதான். பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான். தையல் மிஷின் ஓடுவதும் அங்கேதான்.

இப்படிப்பட்ட சின்ன வீட்டைக் கட்டும்போது ஒரு கேள்வி வரும். கையில் இருப்பது கொஞ்சப் பணம். அதை எதற்குச் செலவு செய்வது? உறுதிக்கா? அழகுக்கா? நம் வசதிக்கா?

அக்காவும் மேஸ்திரியும்

தாராவியில் ஓர் அக்கா பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறார். மேஸ்திரியும் அவரும் பேசுவதைக் கேளுங்கள்.

அக்கா: மேஸ்திரி, தரைக்குப் பளபளன்னு டைல்ஸ் போடணும். ஊர்லேருந்து சொந்தக்காரங்க வந்தா மெச்சணும்.

மேஸ்திரி: போடலாம் அக்கா. ஆனா உங்க கையில இருக்கற பணத்துக்கு டைல்ஸ் போட்டா, கம்பியில குறைக்க வேண்டி வரும்.

அக்கா: கம்பி உள்ளதானே இருக்கு? யாரு பார்க்கப் போறா?

மேஸ்திரி: யாரும் பார்க்க மாட்டாங்க. மேல இருக்கற பாரம்தான் பார்க்கும்.

அக்கா: அப்போ சிமெண்ட் தரையே போதும்ங்கறீங்களா?

மேஸ்திரி: இந்த வருஷம் போதும். டைல்ஸை அடுத்த தீபாவளிக்கு ஒட்டிக்கலாம். தூணுக்குள்ள கம்பியை அடுத்த தீபாவளிக்கு வைக்க முடியுமா?

அக்கா: சரி, வேணாம். ஆனா என் பேச்சையும் கேளுங்க. ஜன்னலை அந்தப் பக்கம் வைக்காதீங்க. அங்கே சாக்கடை நாத்தம். இந்தப் பக்கம் வைங்க. வாசல்கிட்ட தண்ணி டிரம்முக்கு இடம் விடுங்க. காலையில தண்ணி வர்ற நேரத்துல ஓடறவ நான்தான்.

மேஸ்திரி: அது எனக்குத் தோணலையே அக்கா. அப்படியே செஞ்சுடலாம்.

இந்தப் பேச்சில் யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரி. கம்பியைப் பற்றி மேஸ்திரிக்குத் தெரியும். வாழ்வதைப் பற்றி அக்காவுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல வீடு.

மாட்டுங்கா சொல்லும் கதை

1896-இல் மும்பையில் பிளேக் நோய் பரவியது. நெரிசலான வீடுகளில் பலர் இறந்தார்கள். அதனால் 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அரசு அமைத்தது. தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகலமான தெருக்களும் மனைகளும் அமைக்க அந்த டிரஸ்ட் திட்டம் போட்டது. பிறகு அங்கே மாடிக் கட்டடங்கள் எழுந்தன. தமிழர்கள் பலர் வேலைக்கு வந்து குடியேறினார்கள்.

அங்கே புது மாதிரி வீடுகள் வந்தன. சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாம் ஒரே வீட்டுக்குள் இருந்தன. அந்தக் காலத்தில் சிலர் தயங்கினார்கள். 'கழிப்பறை வீட்டுக்குள்ளா? தீட்டாயிற்றே!' என்று நினைத்தார்கள். இன்று கழிப்பறை இல்லாத வீட்டை யாராவது விரும்பி வாங்குவார்களா?

மக்களின் விருப்பம் காலத்தோடு மாறும். ஆனால் குழாய், சாக்கடை, சுவர் ஆகியவற்றை நினைத்தபோது மாற்ற முடியாது. அவற்றை முதலிலேயே சரியாக அமைக்க வேண்டும்.

பெண்கள் போட்ட கணக்கு

மும்பையில் நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் 'மகிளா மிலன்' என்ற அமைப்பில் சேர்ந்தார்கள். ஜோக்கின் அற்புதம் என்ற தமிழர் அவர்களுக்குத் துணை நின்றார். அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். குடிசை மக்களுக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தார். 2018-இல் காலமானார்.

1980-களின் பிற்பகுதியில் அந்தப் பெண்கள் ஒரு வேலை செய்தார்கள். தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று தாங்களே யோசித்தார்கள். முழு அளவில் மாதிரி வீடுகள் செய்து எல்லோருக்கும் காட்டினார்கள். படம் பார்க்கத் தெரியாதவர்களும் உள்ளே நடந்து பார்த்துக் கருத்துச் சொன்னார்கள்.

அவர்கள் கேட்டது பளபளப்பு அல்ல. உயரம் கேட்டார்கள். 14 அடி உயரம் இருந்தால் பாதி அறைக்குப் பரண் போடலாம். மேலே பிள்ளைகள் படுக்கலாம். கீழே வேலை பார்க்கலாம். நிலத்தின் அளவு கூடாது. ஆனால் புழங்கும் இடம் கூடும். இதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

வாழ்கிறவர்களைக் கேட்டால் நல்ல யோசனை கிடைக்கும். கேட்காமல் கட்டினால் என்ன ஆகும்? அதையும் பார்ப்போம்.

காற்று இல்லாத வீடு

1995-இல் மகாராஷ்டிராவில் குடிசை மறுவாழ்வுத் திட்டம் வந்தது. தகுதி உள்ள குடும்பங்களுக்கு 225 சதுர அடி வீடு இலவசம் என்றார்கள். பிறகு அது 269 சதுர அடி ஆனது. அதன் பிறகு 300 சதுர அடி ஆனது. தாராவித் திட்டத்தில் தகுதி உள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி என்று 2024-இல் அறிவித்தார்கள்.

சதுர அடி கூடியது நல்லதுதான். ஆனால் சதுர அடி மட்டும் போதுமா?

செம்பூருக்கு அருகே கோவண்டி, மான்குர்ட் பகுதிகள் உள்ளன. அங்கே மறுவாழ்வுக் குடியிருப்புகளில் மருத்துவர்கள் ஆய்வு செய்தார்கள். ஆய்வு 2018-இல் வெளிவந்தது. சில கட்டடங்களுக்கு நடுவே 3 மீட்டர் இடைவெளிதான் இருந்தது. அதாவது சுமார் 10 அடி. கீழ் மாடிகளில் வெயில் படவில்லை. காற்றும் வரவில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் காசநோய் அதிகமாக இருந்தது.

கட்டடம் கான்கிரீட்தான். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு நோய். வெயிலும் காற்றும் வீட்டின் தரத்தில் சேர்ந்தவை. ஜன்னலைப் பிறகு பெரிதாக்கலாம். பக்கத்துக் கட்டடத்தைத் தள்ளி வைக்க முடியாது.

உறுதி இல்லாத வீடு

மும்பையை அடுத்த மும்ப்ரா அருகே ஒரு கட்டடம் 2013 ஏப்ரல் 4-ஆம் தேதி இடிந்து விழுந்தது. அனுமதி இல்லாமல் அவசரமாகக் கட்டியது. வேலை முடியும் முன்பே ஆட்கள் குடியிருந்தார்கள். 74 பேர் இறந்தார்கள். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ஆம் தேதி 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள்.

விலை குறைவு, சீக்கிரம் கிடைக்கும் என்பதை மட்டும் பார்த்து வீடு வாங்கக் கூடாது.

பின்னால் முடியுமா?

நல்ல வீட்டுக்கு ஒரு சுலபமான கேள்வி உண்டு. 'இதைப் பின்னால் செய்ய முடியுமா?' என்று கேளுங்கள்.

பின்னால் செய்ய முடிந்தவை: பெயிண்ட், டைல்ஸ், அலமாரி, கிரானைட் மேடை, விளக்கு.

பின்னால் செய்ய முடியாதவை: அஸ்திவாரம், தூண், கம்பி, மேல்தளம், சாக்கடைச் சரிவு, வெளிச்சம், காற்று.

முதல் பணம் முடியாதவற்றுக்கு. மீதிப் பணம் முடிந்தவற்றுக்கு.

உலகமும் இப்படி யோசித்திருக்கிறது. இந்தூரில் 'ஆரண்யா' என்ற குடியிருப்பு 1980-களில் உருவானது. பி.வி. தோஷி என்ற கட்டடக் கலைஞர் அதை வடிவமைத்தார். ஏழைக் குடும்பத்துக்கு மனையும் கழிப்பறை, குழாய் வசதியும் முதலில் தந்தார்கள். அறைகளைக் குடும்பங்கள் மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டன. தென் அமெரிக்காவில் சிலி நாடு உள்ளது. அங்கே இக்கிக்கே நகரில் 2004-இல் 93 குடும்பங்களுக்குப் பாதி வீடு கட்டித் தந்தார்கள். சுவர், படிக்கட்டு, சமையலறை, குளியலறை உறுதியாக இருந்தன. மீதிப் பாதியைக் குடும்பங்களே தம் விருப்பப்படி கட்டின.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

1. மேல்தளக் கலவைக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், 3 பங்கு ஜல்லி வேண்டும்.

2. ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. அதற்குச் சுமார் 25 லிட்டர் தண்ணீர் போதும். கலவை சுலபமாக ஓட வேண்டும் என்று மேலும் ஊற்றுவார்கள். அப்படி ஊற்றினால் வலு குறையும்.

3. கடல் மணல் வேண்டாம். உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பி துருப்பிடித்தால் கான்கிரீட் வெடிக்கும்.

4. மேல்தளத்தின் அடிக் கம்பி பலகையைத் தொடக் கூடாது. அடியில் சுமார் முக்கால் அங்குலக் கட்டை வைக்க வேண்டும். அப்போதுதான் கம்பியைக் கான்கிரீட் மூடும்.

5. கான்கிரீட் போட்ட பிறகு குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்க வேண்டும். 10 நாள் வைத்தால் மேலும் நல்லது. இதற்குப் பெரிய செலவு இல்லை. கவனம்தான் தேவை.

6. இரண்டு செங்கல்லைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று ஒலித்தால் நல்ல செங்கல்.

7. பழைய சுவர் மேல் மாடி எழுப்பும் முன் பொறியாளரைக் கேளுங்கள். பழைய அஸ்திவாரம் புதுப் பாரத்தைத் தாங்க வேண்டும்.

பில்டரிடம் வாங்கும்போது

2016-இல் ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. மகாராஷ்டிராவில் இதற்கு 'மஹாரேரா' என்ற அலுவலகம் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், 8 வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் புதிய திட்டத்தை அங்கே பதிவு செய்ய வேண்டும்.

பதிவு எண்ணைக் கேளுங்கள். 'கார்ப்பெட் ஏரியா' எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டுக்குள் நாம் புழங்கும் இடம்தான் அது. மாடிப்படி, லிஃப்ட் எல்லாம் சேர்த்துச் சொல்லும் பெரிய கணக்கைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. குடிபோன 5 ஆண்டுக்குள் கட்டடத்தில் குறை தெரிந்தால் எழுதிக் கொடுங்கள். 30 நாளுக்குள் பில்டர் இலவசமாகச் சரி செய்ய வேண்டும். இது சட்டம்.

தாராவியில் மேஸ்திரி கட்டும் சின்ன வீட்டுக்கு இந்தச் சட்டப் பதிவு கிடையாது. அங்கே நம் கண்ணும் நம் கேள்வியும்தான் காவல். படிக்கத் தெரிந்தவர் ஒப்பந்தத்தைப் படிக்கலாம். அளவை எழுதி வைக்கலாம். கையெழுத்துப் போடும் முன் கேள்வி கேட்கலாம்.

பயிற்சி

1. அக்காவுக்குத் தெரிந்தது எது? மேஸ்திரிக்குத் தெரிந்தது எது? எழுதுங்கள்.

2. ஓர் அறை 12 அடி அகலம், 15 அடி நீளம். எத்தனை சதுர அடி? பாதி அறைக்குப் பரண் போட்டால் எத்தனை சதுர அடி கூடும்?

3. 4 மூட்டை சிமெண்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்?

4. உங்கள் வீட்டில் பின்னால் மாற்ற முடிந்தவை மூன்று, முடியாதவை மூன்று எழுதுங்கள்.

5. உங்கள் வீட்டில் பகலில் விளக்குப் போடாமல் இந்தப் பக்கத்தைப் படிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் ஏன்? குழுவில் பேசுங்கள்.