கல்லறை இல்லாத போர்வீரர்

வீரனுக்குக் கல் நடுவது தமிழர் மரபு. கல்லைக் கண்டு தேர்ந்து, நீராட்டி, நட்டு வழிபடும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. கல்லில் வீரனின் பெயரும் அவன் செய்த செயலும் பொறிக்கப்பட்டன. இவ்வழக்கம் கன்னட நாட்டிலும் உண்டு. அடுகோடிக்குத் தெற்கே பேகூரில், கி.பி. 890ஆம் ஆண்டளவில் எழுந்த வீரக்கல் ஒன்று, பெங்களூர்ப் போரில் புட்டண செட்டி என்பவர் மாண்டதைக் கூறுகிறது. இந்நகரின் பெயரைத் தாங்கிய மிகப் பழைய கல்வெட்டே ஒரு வீரனின் நினைவுக்கல்தான்!

நம் முன்னோர் கடல் கடந்து சென்று மடிந்த போர்களிலோ நிலைமை வேறு. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 74,000 இந்திய வீரர்கள் மாண்டனர். மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து, மெசபடோமியா சென்று, 1917இல் இறந்த என் எள்ளுப்பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். “அவரை எங்கே அடக்கம் செய்தார்கள்?” என்று என் பாட்டியார் கேட்ட கேள்வியே என்னைத் தேடத் தூண்டியது. தேடிக் கற்றதை, இதே கேள்வியுடைய மாணவ நண்பர்களுக்காக ஈண்டுத் தருகிறேன்.

முதலாவது, கல்லறையைத் தேடுவதைவிடப் பெயரைத் தேடுவதே முறை. இந்து வீரர்களின் உடல்கள் எரியூட்டப்பட்டன. கண்டெடுக்கப்படாத உடல்களும் பல. ஆதலின் அவர்களுக்குரியவை பொது நினைவுச் சின்னங்களே.

இரண்டாவது, வீரர் மாண்ட களத்தை அறிய வேண்டும். பிரான்சில் மாண்டு, கல்லறை அறியப்படாதவர்களுக்கு 1927இல் திறக்கப்பட்ட நூவ் சப்பேல் நினைவுச் சின்னம் உண்டு. அதில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர் நினைவுகூரப்படுகின்றனர். மெசபடோமியாவில் மாண்டவர்களுக்குப் பஸ்ராவும், இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் மலேயாவிலும் மாண்டவர்களுக்கு முறையே ரங்கூன், சிங்கப்பூர் நினைவுச் சின்னங்களும் உள.

மூன்றாவது, படை எண்ணே திறவுகோல். முனுசாமி என்னும் பெயருடையார் ஒரே படையில் பலர் இருந்திருப்பர். அப்பெயரும் ஆங்கில எழுத்தில் முனிசாமி, முனுஸ்வாமி, முன்சாமி எனப் பலவாறு திரியும். எண் திரியாது. முதற்போருக்காக வழங்கப்பட்ட வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். எங்கள் வீட்டுப் பதக்கம் தந்த எண்ணைக் கொண்டே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் அவரைக் கண்டேன். தந்தையார் பெயரும் வட ஆர்க்காட்டுச் சிற்றூரின் பெயரும் ஒத்திருந்தன. நினைவிடம்: பஸ்ரா.

பஸ்ரா நினைவுச் சின்னம் 1929இல் திறக்கப்பட்டது. கல்லறை அறியப்படாத 40,500க்கும் மேற்பட்டோருக்கு உரியது. 1997இல் ஈராக் அரசின் ஆணைப்படி அது பெயர்த்தெடுக்கப்பட்டு, நசிரியா செல்லும் சாலையில் 32 கிலோமீட்டர் தொலைவில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஆங்கு என் எள்ளுப்பாட்டனாரின் பெயர் கல்லில் இல்லை! அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தவர்கள், இந்தியச் சாதாரண வீரர்களை ஒவ்வொரு படையின் கீழும் வெறும் தொகையாகவே குறித்தனர். பதவியாலும் இனத்தாலும் சமயத்தாலும் வேறுபாடு காட்டுவதில்லை என்பதே ஆணையத்தின் கொள்கை. எனினும், 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்பதை 2021இல் வெளிவந்த ஆய்வறிக்கை எடுத்துரைத்தது. ஆணையமும் மன்னிப்புக் கோரியது.

“அடக்கம் செய்த இடம் இல்லை, பெயர் ஏட்டில் இருக்கிறது” என்று பாட்டியாரிடம் கூறினேன். “அப்படியானால் நாம் எழுதி வைப்போம்” என்றார். இன்று அவர் பெயர், எண், ஊர், மாண்ட ஆண்டு ஆகியவை எங்கள் பூசையறைச் சுவரில் உள்ளன.

நண்பர்களே! அடுகோடியிலும் அல்சூரிலும் படைவீரர் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. வெள்ளி என்பதற்காகப் பதக்கத்தை விற்றுவிடாதீர்கள். அதன் விலை வெள்ளியில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. இவ்விடுமுறையில் வீட்டுப் பெட்டியைத் திறந்து அவ்வெண்ணைப் படித்து எழுதுங்கள். பெயரறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.