சேமிப்புக் கட்டுப்படுத்தியின் முறையும் கணினியின் துவக்கமும்

மகாராஷ்டிரத்தில், புனேயிலிருந்து மும்பைக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருப்பது நிக்டி. பிம்பிரி-சிஞ்ச்வடு மாநகராட்சி எல்லைக்கு உட்பட்ட இப்பகுதியில், 1972-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட புதுநகர் வளர்ச்சி ஆணையம் மனைகளை வகுத்துக் குடியிருப்புகளை உருவாக்கியது. சுற்றுப்புறத்தில் மோட்டார் வாகன ஆலைகளும், அவற்றிற்கு உதிரிபாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகளும், பள்ளிகளும், பொறியியற் கல்லூரிகளும் உள்ளன. இத்தகைய தொழில் நகரங்களில், பழைய கணினியைச் செப்பனிட்டு மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய தேவை எழுவது இயல்பே.

அவ்வூர்ப் பள்ளியொன்றில் இவ்வாறான கணினி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். விண்டோஸ் 7 நிறுவப்பட்ட அக்கணினியில் பல ஆண்டுகளின் மாணவர் மதிப்பெண்கள் சேமிக்கப்பட்டுள்ளன. கணினி மந்தமாக இயங்குவதைக் கண்ட பொறுப்பாளர், பயாஸ் அமைப்பினுள் சென்று, ‘ஐ.டி.இ.’ என்று இருந்த சேமிப்புக் கட்டுப்படுத்தியின் முறையை ‘ஏ.எச்.சி.ஐ.’ என்று மாற்றி விடுகிறார். கணினியை மீண்டும் துவக்கும்பொழுது விண்டோஸின் இலச்சினை தோன்றுகிறது. உடனே நீலத் திரையொன்று மின்னி மறைகிறது. கணினி தானே நின்று மறுபடியும் துவங்குகிறது. இதுவே திரும்பத் திரும்ப நிகழ்கிறது. வன்தட்டு பழுதடைந்துவிட்டது என்று முடிவு செய்து, தட்டு முழுவதையும் அழித்து இயக்க முறைமையைப் புதிதாக நிறுவி விடுகிறார்கள். மதிப்பெண் பதிவுகள் யாவும் போயின.

உண்மையில் அந்த வன்தட்டில் எவ்விதப் பழுதும் இல்லை. பயாஸில் செய்த மாற்றம் ஓர் எழுத்தைக்கூட அழிக்கவில்லை. அழித்தது பின்னர் செய்த ‘சிகிச்சை’யே. இத்தகைய இழப்பைத் தவிர்க்க வேண்டுமாயின், கணினி எவ்வாறு துவங்குகிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகும்.

கட்டுப்படுத்தியின் இரு முறைகள்

கணினியின் மையச் செயலிக்கும் வன்தட்டிற்கும் இடையே நின்று, செய்திகளைக் கொண்டு செல்லும் மின்னணுச் சுற்றே சேமிப்புக் கட்டுப்படுத்தி எனப்படும். 1980-களின் பிற்பகுதியில் வழக்கிற்கு வந்த ஐ.டி.இ. ஏற்பாட்டில், நாற்பது ஊசிகள் கொண்ட அகன்ற பட்டை வடத்தின் மூலம் வன்தட்டு இணைக்கப்பட்டது. ஒரு வடத்தில் இரண்டு சாதனங்களை மட்டுமே பொருத்தலாம். 2003-ஆம் ஆண்டு முதல் சாட்டா என்னும் தொடர்வரிசை இணைப்பு இதனை மெல்ல அகற்றியது. ஏழு முனைகளே கொண்ட மெல்லிய வடமும், ஒவ்வொரு சாதனத்திற்கும் தனி வடமும் இதன் சிறப்பியல்புகள்.

வடம் மாறிய பின்பும், மென்பொருள் கட்டுப்படுத்தியுடன் பேசும் மொழி உடனே மாறவில்லை. பழைய இயக்க முறைமைகள் தடையின்றி இயங்கும் பொருட்டு, புதிய சாட்டா கட்டுப்படுத்தியும் தன்னைப் பழைய ஐ.டி.இ. கட்டுப்படுத்தியைப் போலவே காட்டிக்கொள்ளும் வசதி அமைக்கப்பட்டது. சாட்டாவின் முழுத் திறனையும் பயன்படுத்தும் ஏ.எச்.சி.ஐ. என்னும் புதிய மொழியை இன்டெல் நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் வகுத்தது. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி. இம்மொழியை அறியாது. ஆதலின் பல தாய்ப்பலகைகள், ஐ.டி.இ. முறையையே முன்னமைப்பாகக் கொண்டு விற்பனைக்கு வந்தன. பழைய கணினிகள் பலவற்றில் இன்றும் அம்முறை காணப்படுவதன் காரணம் இதுவே.

ஏ.எச்.சி.ஐ. முறையினால் விளையும் முக்கியமான நன்மை, கட்டளைகளை வரிசைப்படுத்தும் ஆற்றலாகும். ஐ.டி.இ. முறையில் ஒரு கட்டளை நிறைவேறிய பின்னரே அடுத்தது ஏற்கப்படும். ஏ.எச்.சி.ஐ. முறையில் 32 கட்டளைகள் வரை ஒருசேரப் பெற்றுக்கொண்டு, எது அண்மையில் உள்ளதோ அதனை முதலில் நிறைவேற்ற வன்தட்டினால் இயலும். கடிதங்களைப் பையில் வந்து விழுந்த வரிசையில் கொடுக்காமல், தெருவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் தபால்காரரின் செயலுக்கு இதனை ஒப்பிடலாம். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குச் சுமார் 8.3 மில்லிநொடி ஆகிறது. வீண் சுற்றுகள் குறையுமாயின் நேரம் மிச்சமாகும். எனினும் ஒருவர் மட்டும் எழுத்துப் பணிக்குப் பயன்படுத்தும் கணினியில் இவ்வேறுபாடு புலப்படுவது அரிது. சுழலும் தட்டிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தும்பொழுதுதான் பயன் நன்கு தெரியும்.

துவக்கம் தடைப்படுவது ஏன்?

மின்விசையை அழுத்தியவுடன் முதலில் இயங்குவது பயாஸ். அது தனக்கே உரிய வழியில் வன்தட்டைப் படித்து, இயக்க முறைமையின் கருவையும், ‘துவக்கத்திலேயே தேவை’ என்று குறிக்கப்பட்ட சில இயக்கிகளையும் நினைவகத்தில் கொண்டு வந்து வைக்க உதவுகிறது. இதன் பின்னர் பொறுப்பு முழுவதும் இயக்க முறைமையிடம் ஒப்படைக்கப்படுகிறது. அக்கணம் முதல் இயக்க முறைமை, தன்னுடைய இயக்கியின் வாயிலாகவே வன்தட்டை அணுக வேண்டும்.

இங்குதான் சிக்கல் எழுகிறது. விண்டோஸை நிறுவும்பொழுது கட்டுப்படுத்தி ஐ.டி.இ. முறையில் இருந்திருப்பின், ஐ.டி.இ. இயக்கிக்கு மட்டுமே ‘துவக்கத்திலேயே தேவை’ என்னும் குறி இடப்படும். ஏ.எச்.சி.ஐ. இயக்கியும் தட்டில் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் அதற்கு அக்குறி இல்லாமையால் அது நினைவகத்திற்கு வருவதில்லை. களஞ்சியத்தின் சாவியைக் களஞ்சியத்தின் உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்ட நிலைமை இது. தட்டைத் திறக்க இயக்கி தேவை. இயக்கியை எடுக்கத் தட்டு திறக்க வேண்டும். ஆகவே இயக்க முறைமை, துவக்கச் சாதனத்தை அணுக இயலவில்லை என்னும் பொருளுடைய ஆங்கில அறிவிப்பையோ, 7-பி என முடியும் பிழை எண்ணையோ காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. இலச்சினை தோன்றிய பின்னரே இப்பிழை எழுவதன் காரணமும் இதனால் விளங்கும். அதுவரை தட்டைப் படித்தது பயாஸின் வழியே. அதன் பின்னர் படிக்க முயன்றது இயக்க முறைமை.

முதலுதவி

முறையை மாற்றியதனால் கணினி நின்றுவிட்டதாயின், செய்ய வேண்டுவது ஒன்றே: பயாஸ் அமைப்பினுள் மீண்டும் சென்று, பழைய முறையையே வைத்துச் சேமித்து வெளியேறுதல். வேறு மாற்றம் எதுவும் செய்யப்படாதிருப்பின் கணினி முன்போலத் துவங்கும். தட்டை அழிக்கவோ, இயக்க முறைமையைப் புதிதாக நிறுவவோ ஒருபோதும் முற்படலாகாது.

மாற்றத்திற்கு முன் கவனிக்க வேண்டியவை

1. முக்கியமான கோப்புகள் யாவற்றையும் வேறொரு தட்டில் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

2. பயாஸில் தற்பொழுது உள்ள முறை யாது என்பதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. தட்டு பிட்லாக்கர் முதலிய மறைகுறியீட்டால் காக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பயாஸில் செய்யும் மாற்றத்தின் விளைவாக, 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் கேட்கப்படலாம். அது கையில் இல்லையெனில் தட்டில் உள்ளவை யாருக்கும் எட்டா. ஆகவே திறவுகோலைக் கைவசம் வைத்துக்கொண்டு, பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்த பின்னரே மாற்றத்தைத் தொடங்க வேண்டும்.

4. அதே பட்டியலில் காணப்படும் ‘ரெய்டு’ என்பதைச் சோதனைக்காகவும் தேர்ந்தெடுத்தல் கூடாது. பல தட்டுகளை ஒன்றாகப் பிணைக்கும் முறை அது. புதிய தொகுதியை உருவாக்கச் சம்மதித்தால் தட்டில் உள்ளவை அழிய நேரிடும். ஏற்கெனவே உண்மையாகப் பிணைக்கப்பட்ட தட்டுகள் இருப்பின், அம்முறையிலிருந்து மாற்றுவதும் தகாது.

மாற்றும் வழிகள்

இங்குக் கூறப்படும் வழிகள் எல்லாவற்றிற்கும் அடிப்படை ஒன்றே: சாவியை முதலில் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பூட்டை மாற்றுதல்.

விண்டோஸ் 7: மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதற்கான ஆதரவை 2020-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. எனினும் பழைய கணினிகளில் இதனைக் காண நேரலாம். கணினி பழைய முறையில் இயங்கும்பொழுதே, ரெஜிஸ்ட்ரி எனப்படும் அமைப்புப் பதிவேட்டைத் திறந்து, சேவைகளின் பட்டியலில் ‘எம்.எஸ்.ஏ.எச்.சி.ஐ.’ என்னும் பகுதியைத் தேட வேண்டும். அதில் ‘ஸ்டார்ட்’ என்பதன் மதிப்பு 3 என்றிருப்பின் 0 என்று மாற்ற வேண்டும். பூஜ்யம் என்பதே ‘துவக்கத்திலேயே தேவை’ என்னும் குறி. அதன் பின்னர் கணினியை நிறுத்தி, பயாஸில் ஏ.எச்.சி.ஐ. முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

விண்டோஸ் 8, 10, 11: இவற்றில் பதிவேட்டைத் தொட வேண்டியதில்லை. ‘எம்.எஸ்.கான்ஃபிக்’ என்னும் கருவியில் ‘பூட்’ பகுதியைத் திறந்து, ‘சேஃப் பூட்’ என்பதைக் குறித்து, கணினியை மறுதுவக்கம் செய்ய வேண்டும். மறுதுவக்கத்தின்பொழுதே பயாஸினுள் நுழைந்து முறையை மாற்ற வேண்டும். பாதுகாப்பு முறையில் துவங்கும்பொழுது, ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த துவக்க இயக்கியும் ஏற்றப்படுவதால் தட்டு திறக்கும். பிறகு அதே கருவியில் குறியை நீக்கி, வழக்கம்போலத் துவக்கலாம். பாதுகாப்பு முறையில் சுருக்க எண் ஏற்கப்படாமற் போகலாமாதலின், கணக்கின் முழுக் கடவுச்சொல்லை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

பாஸ் லினக்ஸ் முதலியவை: புனேயைத் தலைமையிடமாகக் கொண்டு 1988-இல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம், 1991-இல் பரம் 8000 என்னும் மீக்கணினியை உருவாக்கியது. அந்நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான இயக்க முறைமையே பாஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய முறைமைகளில், துவக்கத்திற்குத் தேவையான இயக்கிகள் யாவும் ஒரு சிறு துவக்கக் கோப்பில் கட்டி வைக்கப்படுகின்றன. டெபியனின் முன்னமைப்பில் பெரும்பாலான சேமிப்பு இயக்கிகள் அக்கோப்பில் இடம்பெறுவதால், முறையை மாற்றினாலும் துவக்கம் பெரும்பாலும் தடைப்படுவதில்லை. இடத்தைச் சேமிக்கக் கருதி, அவ்வேளையில் தேவைப்படும் இயக்கியை மட்டும் சேர்க்குமாறு அமைத்திருந்தால், விண்டோஸுக்கு நேர்ந்த இடரே இங்கும் நேரும். அந்நிலையில் ஏ.எச்.சி.ஐ. இயக்கியைச் சேர்த்து, துவக்கக் கோப்பை மீண்டும் உருவாக்கிய பின்னரே முறையை மாற்ற வேண்டும். ஒரே கணினியில் இரண்டு இயக்க முறைமைகள் நிறுவப்பட்டிருப்பின், இரண்டையும் ஆயத்தம் செய்த பின்னரே மாற்ற வேண்டும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

எப்பொழுது மாற்றலாம்?

பழைய சுழல்தட்டுடன் குறைவின்றிப் பணி செய்யும் கணினியில் இம்மாற்றம் தேவையில்லை. சாட்டா வகை எஸ்.எஸ்.டி. பொருத்தப்படும்பொழுது மாற்றுவது பயன் தரும். முழுதும் புதிதாக நிறுவுவதாயின், நிறுவுவதற்கு முன்னரே ஏ.எச்.சி.ஐ. முறையை அமைத்துவிடுவது யாவற்றினும் எளிது. என்.வி.எம்.இ. வகைச் சேமிப்பகம் ஏ.எச்.சி.ஐ. மொழியையே பயன்படுத்துவதில்லை; அதற்கெனத் தனி இயக்கி உண்டு. ஆனால் அண்மைக்கால இன்டெல் கணினிகளில் காணப்படும் வி.எம்.டி. என்னும் அமைப்பை இயக்க முறைமை நிறுவிய பின் மாற்றினால், மேற்கூறிய அதே நீலத் திரை தோன்றக்கூடும். சொற்கள் மாறினும் காரணம் ஒன்றே.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கரும்பலகையில் மூன்று கட்டங்களாக வரைந்து விளக்கலாம்: பயாஸ், நினைவகத்தில் ஏற்றப்பட்ட இயக்கி, வன்தட்டு. நடுக்கட்டத்தை அழித்துவிட்டு, ‘இப்பொழுது வன்தட்டில் உள்ள பாடங்கள் அழிந்துவிட்டனவா?’ என்று மாணவர்களைக் கேட்க வேண்டும். அழியவில்லை, எட்டவில்லை என்னும் விடை அவர்களிடமிருந்தே வருமாயின் பாடம் நிறைவுற்றதாகக் கொள்ளலாம். வசதியுள்ள இடங்களில், முக்கியமான கோப்புகள் எதுவும் இல்லாத பழைய கணினியில் முறையை மாற்றி நீலத் திரையை வரவழைத்து, மீண்டும் பழைய முறைக்குக் கொண்டுவந்து காட்டலாம். தம் கண்முன் நின்றுபோன கணினி மீண்டும் எழுந்து வருவதைக் கண்ட மாணவன், பிற்காலத்தில் எந்த அலுவலகத்திலும் தட்டை அழிக்கும் முன் ஒருமுறை நின்று யோசிப்பான்.