பீங்கானில் தெரியும் குடும்பம்

எங்கள் வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். உம்மும்மா, வாப்பா, உம்மா, நான், தங்கச்சி, ஆறு வயதுத் தம்பி. சமைப்பது ஒரே அடுப்பில், ஒரே கறிதான். ஆனாலும் ஆறு பேரும் ஒரே மாதிரிச் சாப்பிடுவதில்லை.

சென்ற தவணை மனைப்பொருளியல் பாடத்திற்கு ஓர் ஒப்படை தரப்பட்டது. ஒரு கிழமைக்கு வீட்டில் யார், எப்போது, எதை, எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று எழுதிவர வேண்டும். நான் கொப்பியில் ஆறு நிரல்கள் கீறினேன். முதல் நாள் இரவு பார்த்தால் ஐந்து நிரல்கள் நிரம்பியிருந்தன. உம்மாவின் நிரல் வெறுமையாக இருந்தது. காலையிலிருந்து நான் வீட்டில்தான் இருந்தேன். ஆனால் உம்மா சாப்பிட்டதை நான் காணவே இல்லை.

"உம்மா, நீங்க என்ன திண்டீங்க?" என்று கேட்டேன்.

"சட்டியில இருந்ததத் திண்டேன் மகள்" என்றார்.

அதற்கு முந்திய மாதம்தான் கிளினிக்கில் உம்மாவுக்கு இரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்த வெற்று நிரலையும் அந்த மாத்திரைப் பெட்டியையும் நான் அன்றுதான் சேர்த்துப் பார்த்தேன். ஒரு குடும்பத்தின் சூழலும் பிள்ளை வளர்ப்பும் அவ்வீட்டின் உணவுப் பழக்கத்தை எப்படி உருவாக்குகின்றன என்ற கேள்வி எனக்கு அப்படித்தான் வந்தது. நான் வாசித்தவற்றையும் கண்டவற்றையும் சக மாணவிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ருசி எங்கே தொடங்குகிறது?

இனிப்பை விரும்புவதும் கசப்பை வெறுப்பதும் பிறக்கும்போதே குழந்தையோடு வருகின்றன. மற்றைய ருசிகளை அது பழகித்தான் கொள்கிறது. அந்தப் பழக்கம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கரட் சாறு அருந்திய தாய்மாரின் குழந்தைகள், பின்னர் கரட் ருசியுள்ள உணவை மற்றைய குழந்தைகளை விட விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டன என்று அமெரிக்காவில் ஜூலி மெனெல்லாவும் அவரது குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. தாய் உண்பதே பிள்ளையின் முதல் உணவுப் பாடம்.

ஏறக்குறைய இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை பிள்ளைகள் புதிய உணவைக் கண்டால் முகத்தைத் திருப்புவது இயல்பு. அதைக் கண்டு, "இவனுக்கு மரக்கறி பிடிக்காது" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் ஒரு புதிய உணவைப் பத்துப் பதினைந்து தடவைகள் சிறிது சிறிதாக, வற்புறுத்தாமல் கொடுத்த பிறகே பல பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டாம் தடவையிலேயே நாம் கைவிட்டுவிட்டால், பிள்ளை பழகுவதற்கு முன்பே பாடம் முடிந்துவிடுகிறது.

காணியும் கூப்பனும்

உம்மும்மா பழைய தெல்தெனியவில் பிறந்தவர். 1980களின் நடுப்பகுதியில் விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பியபோது அந்தப் பழைய நகரமும் சுற்றியிருந்த வயல்களும் தோட்டங்களும் நீருக்குள் போயின. "எங்கட வளவில பிலா, ஈரப்பலா, தேங்காய், மிளகு எல்லாம் இருந்த. கடையில வாங்கின உப்பும் சீனியும் கருவாடும்தான்" என்று அவர் சொல்வார். கண்டிப் பகுதியின் வீட்டுத் தோட்டங்கள் உலக ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றவை. உயர்ந்த மரங்களின் நிழலில் நடுத்தர மரங்களும், அவற்றின் கீழே கீரை வகைகளும் கிழங்குகளுமாக ஒரு காடு போலவே அவை அமைந்திருக்கும். அந்தத் தோட்டம் இருந்த வீட்டில், என்ன சமைப்பது என்பதை மரம்தான் தீர்மானித்தது. இன்று பல்லேகலயில் எங்கள் வீடு இருப்பது சில பேர்ச் காணியில். எங்களுக்கு இருப்பது ஒரு கறிவேப்பிலை மரமும் இரண்டு சாடி வல்லாரையும்தான். ஆகவே என்ன சமைப்பது என்பதைக் கடை விலை தீர்மானிக்கிறது.

பிலா மரத்தைச் சிங்களத்தில் "சோற்று மரம்" என்ற பொருளில் அழைப்பார்கள். பஞ்சம் வரும் என்று எண்ணி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் பிலாக் கன்றுகளை நடுவித்த பாணந்துறை ஆத்தர் வி. டயஸ், "கொஸ் மாமா" என்றே பெயர் பெற்றார். அவரைப் போன்றோர் நட்ட மரங்கள் பிற்காலத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கைகொடுத்தன.

அரசாங்கத்தின் கொள்கையும் எமது சமையலறைக்குள் வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. 1953இல் மானியத்தைக் குறைத்து, ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. அவ்வருடமே பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1979இல் கூப்பன் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரைகள் வந்தன. 1980இல் திருகோணமலையில் பிரீமா மாவு ஆலை இயங்கத் தொடங்கியது. கோதுமை விளையாத நாட்டில் காலை உணவு பாணாகவும், இரவு உணவு ரொட்டியாகவும் கொத்தாகவும் ஆனதற்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. "எங்கட பிள்ளைகள் பாண்தான் கேக்கும்" என்று சொல்லும்போது, அந்த விருப்பம் பிள்ளையோடு பிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

2022ஐ நாம் எல்லோரும் பார்த்தோம். அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அதாவது ஒரு வருடத்திற்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபா தேவைப்பட்டது. வாப்பாவின் சம்பளம் அப்படி இரட்டிப்பாகவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பால்மா நின்றது. பிறகு மீன் கருவாடாகியது, முட்டை பாதியாகியது. பாதி முட்டைகளைப் பீங்கான்களில் வைக்கும்போது ஒரு பீங்கான் எப்போதும் குறைந்தது. அப்போது எனக்கு அது யாருடையது என்று தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

நேரமும் ஒரு சூழல்தான்

பணம் இருந்தும் நேரம் இல்லாத வீடுகள் இருக்கின்றன. பல்லேகலயில் கைத்தொழிற் பேட்டை இருப்பதால் எமது அயலில் பல தாய்மார் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். விடிய முன்பே பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய தாய்க்கு, அரிசியை ஊறவைத்து அரைத்து ஆப்பம் சுட நேரம் ஏது? பிள்ளையின் பையில் பணிஸும் பிஸ்கட் பக்கட்டும் போகின்றன. அந்தத் தாயைக் குறை சொல்வது அநியாயம். வேலையால் வந்த களைப்போடு மூன்று கறி சமைக்குமாறு ஒருவரிடம் மட்டும் எதிர்பார்க்கும் வீட்டு வழக்கத்தைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

உம்மா வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளையும் நாம் அறிவோம். 2013இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உடைய தாய்மார் வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்வதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. தாய் இல்லாத வீட்டில் பிள்ளை என்ன சாப்பிடும் என்ற கவலையும் அதற்குள் இருந்தது. ஆனால் அங்கேயும் சமைக்கத் தெரிந்த ஒரு வாப்பாவோ மூத்த நானாவோ இருந்தால் கதை வேறாகிறது. ஆண் பிள்ளைக்குப் பருப்புக் கறி சமைக்கக் கற்றுக்கொடுப்பது ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு.

கட்டாயம், செல்லம், வழிகாட்டல்

அமெரிக்க உளவியலாளர் டயனா பௌம்ரிண்ட் 1966இல் பெற்றோரின் வளர்ப்பு முறைகளை மூன்றாக விளக்கினார். ஒன்று அதிகாரம் செலுத்துவது. "பீங்கானை முடிக்காமல் எழும்பக் கூடாது" என்பது அதன் குரல். இரண்டாவது எல்லாவற்றுக்கும் இணங்குவது. "சோறு வேணாமா? சரி, நூடில்ஸ் அவிச்சுத் தாறேன்" என்பது அதன் குரல். மூன்றாவது அன்போடு எல்லை வகுத்து வழிநடத்துவது. "இன்டைக்கு இதுதான் கறி, உனக்கு எவ்வளவு வேணும்?" என்பது அதன் குரல். உணவு விடயத்தில் மூன்றாவது முறையே நீண்ட கால நன்மை தருவது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

நான் தம்பியிடம் செய்த பிழையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவனுக்குச் சோறு ஊட்டுவது என் வேலை. "பொன்னாங்காணியைத் திண்டால் டொபி தருவேன்" என்று தினமும் சொல்லி வந்தேன். லீன் பேர்ச் என்ற ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளை வாசித்த பிறகுதான் என் பிழை விளங்கியது. பரிசாகக் கொடுக்கும் உணவைப் பிள்ளைகள் முன்னரை விட அதிகம் விரும்பத் தொடங்குகிறார்கள். பரிசுக்காகச் சாப்பிடவைத்த உணவையோ அதிகம் வெறுக்கிறார்கள். டொபி உயர்ந்தது, கீரை அதற்குக் கொடுக்கும் தண்டனை என்பதைத்தான் நான் அவனுக்குப் படிப்பித்திருக்கிறேன்.

எமது மார்க்கத்தில் இதற்கு அழகான முன்மாதிரி இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். தம் பராமரிப்பில் வளர்ந்த ஒரு சிறுவனுக்கு, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தனக்கு முன்னால் உள்ளதை உண்ணும்படி அமைதியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தில் அதட்டலும் இல்லை, இலஞ்சமும் இல்லை. கூடவே அமர்ந்து உண்டபடி சொன்ன பாடம் அது.

சஹன் சொல்லும் பாடம்

எமது கலியாண வீடுகளில் ஒரு பெரிய சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்கிறோம். நடுவில் இறைச்சி இருக்கும். யாரும் நடுவிலிருந்து அள்ளுவதில்லை. தன் பக்கத்தில் இருந்து உண்ண வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குப் பங்கு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். சிறு பிள்ளை இதை யாரும் சொல்லாமலே கற்கிறது.

என் ஒப்படையின் ஏழு நாட்களையும் பார்த்தபோது, உம்மா எங்களோடு இருந்து சாப்பிட்ட வேளை ஒன்றுகூட இல்லை. வருடத்தில் எப்போது நாம் ஆறு பேரும் ஒரே நேரத்தில் வாயில் உணவு வைக்கிறோம் என்று யோசித்தேன். நோன்பு திறக்கும்போது மட்டும்தான். பாங்கு சொன்னதும் உம்மாவும் பேரீச்சம்பழத்தை எடுத்தாக வேண்டும், கஞ்சிக் கோப்பையோடு இருந்தாக வேண்டும். ஒரு மாதம் முடியும் காரியம் மற்ற பதினொரு மாதங்களும் ஏன் முடியாமல் போகிறது?

இதை வாப்பாவிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இரவு அவரே பரணில் இருந்த சஹனை இறக்கிக் கழுவினார். உம்மா வழமை போல, "நீங்க திண்ணுங்க, நான் பிறகு" என்றார். "ஆறாவது ஆள் வராம சஹன் தொடங்கிறல்ல" என்றார் வாப்பா. பொன்னாங்காணிச் சுண்டலும் பருப்பும் நெத்தலியும்தான் இருந்தன. எல்லோரும் எடுப்பதைப் பார்த்துவிட்டுத் தம்பியும் ஒரு கிள்ளுக் கீரை எடுத்தான். நான் டொபி என்ற பேச்சே எடுக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

இரும்புச்சத்துக் குறைவைப் பற்றி உம்மாவுக்கு நான் சொன்ன இரண்டு விடயங்களை உங்களுக்கும் சொல்கிறேன். சாப்பாட்டோடும் அது முடிந்த கையோடும் தேநீர் குடித்தால், கீரை பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவது குறைகிறது. கீரையில் தேசிக்காய் பிழிந்தால் அது கூடுகிறது. இரண்டுக்கும் செலவு இல்லை.

கடையில் மென்பானம் வாங்கும்போது போத்தலில் உள்ள நிறப் புள்ளியைப் பாருங்கள். 2016 ஓகஸ்ட் முதல் இலங்கையில் இது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமை விட அதிகமாகச் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமை விடக் குறைந்தால் பச்சை. வாசிக்கத் தெரியாத தம்பிக்கும் நிறம் தெரியும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையின் பசி தீர்மானிக்கட்டும். சக மாணவிகளிடமும் ஒரு வேண்டுகோள். இன்று இரவு உங்கள் வீட்டில் உம்மா என்ன சாப்பிட்டார் என்று பாருங்கள். கேட்டால் "திண்டேன்" என்றுதான் சொல்வார். ஆகவே கேட்காமல் கூட இருந்து பாருங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் சஹன் இறங்குகிறது. மற்ற நாட்களில் உம்மா இன்னும் இடையில் எழும்பி அடுப்படிக்குப் போகிறார். ஆனால் அவரது பீங்கானும் இப்போது எங்கள் பீங்கான்களோடு பாயில் இருக்கிறது, திரும்பி வந்து அதில்தான் சாப்பிடுகிறார். ஒப்படையைச் சமர்ப்பித்த பின்பும் நான் அந்தக் கொப்பியை எழுதி வருகிறேன். வல்ல அல்லாஹ் எமது வீடுகளின் உணவில் பரக்கத் செய்வானாக. அதைச் சமைக்கும் கைகளுக்கும் அதில் சமமான பங்கு கிடைக்கச் செய்வானாக.

க.பொ.த. உயர்தர மாணவி, கலைப்பிரிவு