நடுவர்மீது கோபப்படப் போகிறவர்களுக்கு

கால்பந்து பார்க்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளே,

ஆளுக்கொரு அணியை வரித்துக்கொண்டுவிட்டீர்கள். வீடு உறங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்துவைத்து, இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ நடக்கும் ஆட்டத்தைப் பார்க்கிறீர்கள். சீக்கிரமே ஒரு நாள், உங்கள் அணி உழைத்துப் போட்ட கோலை ஒருவர் கொடியைத் தூக்கி இல்லையென்று ஆக்கிவிடுவார். அன்று வரும் கோபம் சின்னதாக இருக்காது. “விளையாட்டுதானே, விடு” என்று வீட்டில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நியாயம் தவறினால் கோபம் வரத்தான் வேண்டும். அந்தக் கோபத்தை யார்மீது காட்டுவது, அதை வைத்து எதைக் கேட்பது என்பதைத்தான் பழகிக்கொள்ள வேண்டும். பல உலகக் கோப்பைகளைப் பார்த்துவிட்ட வயதில் சில விஷயங்களைச் சொல்லிவைக்கிறேன்.

1. முதலில் விதிகளைப் படியுங்கள். கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள்தான். ஐ.எஃப்.ஏ.பி. என்ற சட்டக் குழு அவற்றை ஆண்டுதோறும் திருத்தி இலவசமாகவே வெளியிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். த்ரோ-இன், கார்னர், கோல் கிக் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைட் கிடையாது. ஆஃப்சைடைக் கணக்கிடும்போது கையைச் சேர்ப்பதில்லை. இவ்வளவு அடிப்படையான விஷயம்கூடத் தெரியாமல் தொண்டை கிழியக் கத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹேண்ட்பால் விதி இன்னும் சிக்கலானது. சில ஆண்டுகளுக்குள் பலமுறை மாறியும்விட்டது. சக வீரரின் கையில் பந்து தற்செயலாகப் பட்டு, அதன்பின் இன்னொருவர் கோல் அடித்தால், 2021 திருத்தத்துக்குப் பிறகு அது குற்றமல்ல. போன பருவத்தில் படித்ததை வைத்துக்கொண்டு இந்தப் பருவத்து நடுவரைத் திட்டாதீர்கள்.

2. எல்லா முடிவும் ஒரே ரகம் அல்ல. பந்து கோட்டைத் தாண்டியதா என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. தடுப்பு ஆட்டக்காரர் காலைத் தட்டினாரா, பந்தைத் தட்டினாரா, அது பெனால்டிக்குப் போதுமானதா என்பது பார்ப்பவரின் தீர்ப்பு. நேர்மையான இரண்டு நடுவர்கள் இரண்டு பதில் சொல்லக்கூடும். முதல் ரகத்தில் தவறு நடந்தால் சமரசமே வேண்டாம், உரக்கக் கேளுங்கள்.

2010 ஜூன் 27 அன்று தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபோன்டெய்ன் நகரில் ஜெர்மனி 2-1 என்று முன்னிலையில் இருந்தது. இங்கிலாந்தின் ஃப்ராங்க் லாம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து வெளியே துள்ளியது. உலகமே பார்த்தது, நடுவரும் துணை நடுவரும் பார்க்கவில்லை. கோல் இல்லை. ஆட்டம் 4-1 என்று முடிந்தது. எழுந்த கூக்குரலில், அதுவரை இயந்திரமே வேண்டாம் என்றிருந்த ஃபிஃபா மனம் மாறியது. கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு 2012இல் அனுமதி கிடைத்தது, 2014 உலகக் கோப்பையில் அது வந்தேவிட்டது. சரியான இடத்தில் காட்டிய கோபம் அங்கே பலன் தந்தது.

3. உங்கள் அணிக்குக் கிடைத்த சலுகையையும் கணக்கில் வையுங்கள். லாம்பார்டுக்காக அழுத இங்கிலாந்து ரசிகர்களிடம் ஜெர்மானியர்கள் 1966ஐ நினைவுபடுத்தினார்கள். வெம்ப்ளியில் நடந்த அந்த ஆண்டின் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்ததும் கம்பத்தில் பட்டுக் கோட்டருகே விழுந்த பந்துதான். சோவியத் அஜர்பைஜானைச் சேர்ந்த லைன்ஸ்மேன் தோஃபிக் பஹ்ராமோவ் கோல் என்றார். இன்றுவரை அந்த வழக்கு தீரவில்லை. பாகூ நகரில் ஒரு பெரிய மைதானத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

4. இனி டியாஸ் விவகாரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நடுவர் குழு எப்படித் தவறுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சம்பவம் வேறில்லை.

2023 செப்டம்பர் 30. லண்டனில் டாட்டன்ஹாமும் லிவர்பூலும் மோதின. கர்டிஸ் ஜோன்ஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியதால் லிவர்பூலுக்குப் பத்துப் பேர்தான். இன்னும் யாரும் கோல் போடவில்லை. 34ஆவது நிமிடத்தில் சலா கொடுத்த பந்தை லூயிஸ் டியாஸ் வலைக்குள் அடித்தார். ஆஃப்சைட் கொடி உயர்ந்தது. வி.ஏ.ஆர். எனப்படும் காணொளி உதவி நடுவர் அறையில் இருந்த டேரன் இங்கிலாண்ட் படத்தைப் பார்த்தார். டியாஸ் ஆஃப்சைடில் இல்லை என்பதைச் சரியாகவே கண்டுகொண்டார். ஆனால், மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் “செக் கம்ப்ளீட்” என்று மட்டும் சொன்னார். தன் ஆஃப்சைட் முடிவு சரிபார்க்கப்பட்டுவிட்டது என்று மைதானத்து நடுவர் சைமன் ஹூப்பர் எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினார். சில நொடிகளில் அறையில் இருந்த ரீப்ளே இயக்குநர்தான் பிழையைக் கவனித்துச் சொன்னார். அதற்குள் பந்து ஓடத் தொடங்கிவிட்டது. அப்படித் தொடங்கிய பிறகு இந்த மாதிரி முடிவை மாற்ற விதியில் இடமில்லை. இரண்டு நிமிடத்தில் டாட்டன்ஹாமின் சோன் கோல் அடித்தார். கடைசி நேரத்தில் லிவர்பூலின் மாட்டிப் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட, லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

அன்றிரவே நடுவர் அமைப்பு தவறை ஒப்புக்கொண்டது. சில நாளில் அறையின் ஒலிப்பதிவையும் வெளியிட்டது. அதைக் கேட்டபோது எனக்குக் கோபத்தைவிட வேதனைதான் அதிகமாக இருந்தது. அந்தக் குரல்களில் வஞ்சகம் இல்லை. சரியான பதிலைக் கையில் வைத்துக்கொண்டே, அதை முழு வாக்கியமாகச் சொல்லாமல் போனவர்களின் பதற்றம்தான் கேட்டது. “கோல் சரி, கோல் கொடுங்கள்” என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பின்னர், இறுதி முடிவை வெளிப்படையாகச் சொல்லி உறுதிசெய்த பிறகே ஆட்டம் தொடங்க வேண்டும் என்று நடைமுறையைத் திருத்தினார்கள். இந்த ஒலிப்பதிவைத் தேடிக் கேளுங்கள். ஒருமுறை கேட்டவர் நடுவர்களைப் பற்றிப் பழையபடி பேசமாட்டார்.

5. இயந்திரத்தைக் கடவுளாக்காதீர்கள். 2020 ஜூன் 17 அன்று, கொரோனா இடைவெளிக்குப் பின் பிரீமியர் லீக் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் பந்தோடு கோட்டைத் தாண்டினார். நடுவரின் கைக்கடிகாரம் அதிரவில்லை. கோல்கோட்டுக் கேமராக்களை ஆட்டக்காரர்களும் கம்பமும் மறைத்திருந்தார்கள். ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு வரவேண்டிய கோல் போனது, ஆட்டம் 0-0. பருவ முடிவில் வில்லா 35 புள்ளிகளோடு தப்பியது. போர்ன்மத்தும் வாட்ஃபோர்டும் 34 புள்ளிகளோடு கீழ் லீகுக்கு இறங்கின.

6. வி.ஏ.ஆர். எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டு குறை சொல்லுங்கள். 2018இல் விதிப் புத்தகத்தில் ஏறியபோது அதற்குக் கொடுத்த வேலை நான்குதான்: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம். அதிலும் தெளிவான, வெளிப்படையான பிழை இருந்தால்தான் தலையிடலாம். உங்களுக்குப் பெனால்டி என்று தோன்றியது அந்த அளவைத் தாண்டவில்லை என்றால் அறை பேசாமல்தான் இருக்கும். 2024இல் பிரீமியர் லீகின் வுல்வ்ஸ் அணி வி.ஏ.ஆரையே எடுத்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தது. 20 அணிகளில் அதற்கு ஆதரவாக வாக்களித்தது வுல்வ்ஸ் மட்டுமே. வி.ஏ.ஆர். இருக்க வேண்டும் என்பதே என் கட்சியும். ஆனால் மைதானத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் ரசிகருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாமல் நிமிடக்கணக்கில் காக்கவைப்பது அவமரியாதை. அதை நான் ஏற்கவே மாட்டேன்.

7. சதி என்ற சொல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். சதி நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது. ஜெர்மனியில் ராபர்ட் ஹோய்ட்சர் என்ற நடுவர் சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கி ஆட்டங்களைத் திருப்பினார். 2005இல் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். அவரைக் காட்டிக்கொடுத்தவர்கள் சக நடுவர்கள் என்பதை மறக்காதீர்கள். இத்தாலியில் 2006இல் தொலைபேசிப் பதிவுகள் வெளியாகி, தங்களுக்கு வசதியான நடுவர்களை நியமிக்கச் செய்த கதை அம்பலமானது. யுவென்டஸ் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. இரண்டும் ஆதாரத்தால் வெளிவந்தவை. ஒவ்வொரு வாரமும் சதி என்று கூவினால், உண்மையான சதி நடக்கும் நாளில் உங்கள் குரலுக்கு மதிப்பிருக்காது.

8. நல்ல நடுவரையும் கண்டுகொள்ளப் பழகுங்கள். 1986 ஜூன் 22, மெக்சிகோ நகரம், அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும். மரடோனா கையால் தட்டிய பந்தைத் துனிசிய நடுவர் அலி பென்னாசர் கோல் என்று கொடுத்ததை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு நான்கு நிமிடம் கழித்து அவரே செய்த ஒன்றை யாரும் சொல்வதில்லை. மரடோனா தன் பாதி மைதானத்திலிருந்து பந்தோடு கிளம்பி ஒவ்வொருவராகக் கடந்து ஓடியபோது, அவரை வீழ்த்த இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் முயன்றார்கள். விசில் ஊதத் தயாராகவே பின்னால் ஓடி வந்ததாகவும், ஆட்டம் தொடரட்டும் என்று பொறுத்ததாகவும் பென்னாசர் பின்னாளில் சொன்னார். ஒரு நொடி அவசரப்பட்டிருந்தால் உலகம் இன்றும் பேசும் அந்த இரண்டாவது கோல் பிறந்திருக்காது. ஒரே மனிதர், ஒரே ஆட்டம். 2015இல் மரடோனா துனிசியாவுக்குப் போய் அவரை வீட்டில் சந்தித்தார்.

9. மனிதரைத் தொடாதீர்கள், அவர் குடும்பத்தின் பக்கம் போகவே போகாதீர்கள். இதில் எந்த விதிவிலக்கும் கிடையாது. 2005இல் பார்சிலோனா–செல்சி ஆட்டத்துக்குப் பின் கொலை மிரட்டல்கள் வந்ததால் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஃபிரிஸ்க் விசிலையே கீழே வைத்துவிட்டார். 2023 யூரோப்பா லீக் இறுதியாட்டம் முடிந்ததும், தோற்ற ரோமா அணியின் பயிற்சியாளர் மோரினியோ வாகன நிறுத்துமிடத்தில் நடுவர் ஆந்தனி டெய்லரை வசைபாடினார். மறுநாள் புடாபெஸ்ட் விமான நிலையத்தில் டெய்லரையும் உடன் வந்த குடும்பத்தையும் ரசிகர்கள் சூழ்ந்துகொண்டார்கள்; நாற்காலி பறந்தது. மோரினியோவுக்கு நான்கு ஆட்டத் தடை கிடைத்தது. பயிற்சியாளர்களின் வாய்க்குப் பின்னால் தோல்வியை மறைக்கும் தேவையும் இருக்கும். அந்தத் தேவை உங்களுக்கு இல்லை. அவர்கள் சொன்னதை அப்படியே வாங்கிப் பரப்பாதீர்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் துருக்கியில் அங்காராகூசு அணியின் தலைவரே மைதானத்துக்குள் வந்து நடுவர் ஹலில் உமுத் மேலரை முகத்தில் குத்தினார். விழுந்தவரை மற்றவர்கள் மிதித்தார்கள். நாட்டின் லீக் ஆட்டங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. 2012இல் நெதர்லாந்தின் அல்மேரேயில், மகன் ஆடிய அணிக்காகக் கோட்டோரம் கொடி பிடிக்க வந்த ஒரு தகப்பனை எதிரணிச் சிறுவர்கள் அடித்ததில் அவர் இறந்தே போனார். நீங்கள் இணையத்தில் எழுதும் ஒரு வரிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைக்காதீர்கள். வசை பழகப் பழக, கை ஓங்குவதும் பழகிவிடுகிறது.

10. ஆட்டத்தை விட்டு வெளியேறுவதைக் கொண்டாடாதீர்கள். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஐ.எஸ்.எல். பிளேஆஃப். கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் சுவர் அமைத்து முடிக்கும் முன் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துக் கோலாக்கினார். நடுவர் கோல் கொடுத்தார். பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியோடு வெளியேறினார். விசில் இல்லாமலே ஃப்ரீ கிக்கை விரைவாக எடுக்க விதி அனுமதிக்கிறது. சுவரை நகர்த்தும் வேலையை நடுவர் தொடங்கிவிட்டால்தான் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். அங்கே தொடங்கினாரா இல்லையா என்பதுதான் வாதம். வாதத்தில் பிளாஸ்டர்ஸ் பக்கமும் கேட்கத்தக்கது இருந்தது. ஆனால் வெளியேறியதால், வாதம் அதோடு செத்துப்போனது. அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. மீதி நேரத்தில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்திருக்கலாம் என்ற ஏக்கம் மஞ்சள் சட்டை ரசிகர்களுக்கு மிச்சமானது.

11. விளக்கம் கேளுங்கள். ரசிகனுக்கு உரிய கோரிக்கை அதுதான். 2023 மகளிர் உலகக் கோப்பையில் வி.ஏ.ஆர். முடிவை நடுவரே ஒலிபெருக்கியில் அறிவித்தார். இங்கிலாந்தின் லீக் கோப்பை அரையிறுதியில் 2025 ஜனவரியில் அது வந்தது. ரக்பியில் நடுவர் பேசுவது முழுக்கப் பார்வையாளர் காதில் விழுகிறது. கால்பந்தில் ஏன் கூடாது என்று எழுதிக் கேளுங்கள், ரசிகர் சங்கங்கள் வழியாகக் கேளுங்கள். நடுவரின் பெயரைச் சொல்லித் திட்டுவதைவிட, அவருடைய காரணத்தைச் சொல்லவைப்பது பெரிய வெற்றி.

12. கடைசியாக ஒன்று. விசிலை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்த கோமளீஸ்வரன் சங்கர் இந்தியர். அப்படிப்பட்டவர்கள் வானத்திலிருந்து வருவதில்லை. வெயிலில், வசைக்கு நடுவே, சின்ன மைதானங்களில்தான் உருவாகிறார்கள். உங்கள் பகுதிப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு நடுவர் கிடைக்கவில்லை என்றால் நீங்கள் போய் நில்லுங்கள். மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் நடுவர் தேர்வு எப்போது நடக்கிறது என்று விசாரித்து, எழுதவும் செய்யுங்கள்.