பிரேசர் டவுனில் பவளப் பண்ணை: நான்கு வழிகளில் எது தேறும்?

சும்மா கிடக்கும் ஒரு கார் ஷெட், யூடியூபில் பார்த்த நீல விளக்குத் தொட்டிகள், "ஒரு துண்டு பல ஆயிரத்துக்குப் போகுதாம்" என்ற பேச்சு. பவளப் பண்ணை ஆசை பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. அமெரிக்காவில் வீட்டு கேரேஜில் பவளம் வளர்த்து விற்றுப் பிழைப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். இந்தோனேசியாவின் பாலிக் கடலோரத்தில் கடலுக்கடியில் மேசை போட்டு, சிமெண்ட் வில்லைகளில் துண்டுகளை ஒட்டி வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். அங்கேயும் 2018 மே மாதம் அரசு ஏற்றுமதியை நிறுத்தியதும் தொழில் படுத்துவிட்டது. 2020-ல்தான் மறுபடி எழுந்தது.

பெங்களூரின் பிரேசர் டவுனில் கணக்கு இன்னும் கறார். இங்கே முதல் கேள்வி சட்டம், அடுத்தது தண்ணீர், அதற்கடுத்தது கரண்ட். பவளம் நாலாவதாகத்தான் வரும். அந்த வரிசையிலேயே பார்த்துவிட்டு, பிழைக்க இருக்கும் நான்கு வழிகளை எடைபோடுவோம்.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளங்கள் 2001 ஜூலையில் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் கல் பவளங்கள் (ஸ்கிளெராக்டினியா) அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகிய ஐந்தும் புலியும் யானையும் இருக்கும் அதே முதல் அட்டவணைக்குப் போயின. 2022 திருத்தத்துக்குப் பிறகும் பாதுகாப்பு தொடர்கிறது. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

"இது மன்னார் வளைகுடா சரக்கில்லை சார், இம்போர்ட்டட்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். பட்டியலில் 'எல்லா' கல் பவளங்களும் என்றுதான் இருக்கிறது. எந்தக் கடலில் பிறந்தது என்று அது பார்ப்பதில்லை. தொட்டிக்கு அடித்தளமாக விற்கும் 'லைவ் ராக்' பலவும் செத்த கல் பவளத்தின் எலும்புக்கூடுதான். அதற்கும் இதே பட்டியல் பொருந்தும். பாறைக்குச் சுட்ட களிமண்ணிலோ சிமெண்டிலோ செய்த செயற்கைக் கல் போதும்.

எந்த வழிக்கும் பொதுவான செலவு

தரை: 1,000 லிட்டர் கடல் நீரின் எடை மட்டும் ஒரு டன்னுக்கு மேல். பிரேசர் டவுனின் பழைய வீடுகளில் இன்னும் மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளங்கள் உண்டு. அவற்றின் மேல் தொட்டி வரிசை வேண்டவே வேண்டாம். தரைத்தளம், கார் ஷெட், அல்லது பொறியாளர் பார்த்துச் சரி சொன்ன கான்கிரீட் தளம், இந்த மூன்றில் ஒன்று. உப்புக் காற்று பட்ட இரும்பு ஸ்டாண்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும். கட்டிய மேடையே நல்லது.

தண்ணீர்: கடல் இங்கிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஆகவே செயற்கை உப்புதான், லிட்டருக்குச் சுமார் 36 கிராம். ஆயிரம் லிட்டர் தொட்டியில் வாரம் பத்து சதவீதம் மாற்றினால் வாரத்துக்கு மூன்றரைக் கிலோ உப்பு போகும். போர்வெல் நீர் கடினமானது; குழாயில் வரும் காவேரி நீரில் குளோரின். இரண்டையும் ஆர்.ஓ. வழியாக விட்டு, அதன் பின் அயனிகளை நீக்கும் டி.ஐ. பிசினிலும் வடிகட்ட வேண்டும். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாக வெளியேறும். 2024 மார்ச் தட்டுப்பாட்டில் கார் கழுவக் குடிநீர் எடுத்தாலே 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்ட ஊர் இது. கழிவு நீரைக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் திருப்பும் குழாயை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

கரண்ட்: 25 முதல் 27 டிகிரிக்குள் நீர் நிற்க வேண்டும். ஏப்ரலில் சில்லர், டிசம்பர் இரவில் ஹீட்டர், ஆக இரண்டும் தேவை. சென்னையை விட இங்கே சில்லர் ஓடும் நேரம் குறைவு என்பது ஒன்றுதான் லாபம். கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். விளக்குக்கு யுபிஎஸ் வேண்டாம். ஏர் பம்பும் சுழற்சி மோட்டாரும் இரவு முழுக்க ஓடுமளவுக்கு பேட்டரி வேண்டும். தொழில் என்று வந்துவிட்டால் மின் நிறுவனமான பெஸ்காமில் வணிக இணைப்பும் மாநகராட்சி வணிக உரிமமும் எடுத்தாக வேண்டும்.

வழி 1: கல் பவளம்

அக்ரோபோரா, யூஃபிலியா, மூளைப் பவளம் என்று வீடியோக்களில் மினுங்குவதெல்லாம் இந்த வகை. விலையும் இதற்குத்தான். தனியார் வணிகத்துக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது.

இந்தியாவில் கல் பவளம் வளர்க்கப்படவில்லை என்பதில்லை, விற்பனைக்கு வளர்க்கப்படவில்லை. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளை நட்டு வருகிறது. குஜராத்தின் மிதாபூர் கடலோரத்தில் 2020 ஜனவரியில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் குறைந்த மின்சாரம் பாய்ச்சும் இரும்புச் சட்டங்களில் பவளம் வளர்க்கும் முயற்சியைத் தொடங்கியது. எல்லாம் வனத்துறையின் அனுமதியோடு. 2016-ல் கடல் சூடேறியபோது மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. அங்கிருந்து ஒரு துண்டை உடைத்து வந்து இங்கே தொழில் பண்ணலாம் என்ற நினைப்புக்கே இடமில்லை. கல் பவளத்தோடுதான் வேலை செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால் அது கடல் உயிரியல் படிப்பின் வழி. கடை வழி அல்ல.

வழி 2: மென் பவளம்

காளான் பவளம், ஜோவாந்திட், தோல் பவளம், ஜீனியா ஆகியவை மேலே சொன்ன ஐந்தில் வராதவை. கடல் விசிறி மட்டும் பார்வைக்கு இவற்றோடு சேரும், சட்டத்தில் சேராது. ஒரு புகைப்படத்தை வைத்து வகை பிரிப்பது கடினம் என்பதால், வாங்கும் ஒவ்வொன்றுக்கும் அறிவியல் பெயரும் இறக்குமதித் தாளும் பில்லும் கோப்பில் இருக்க வேண்டும். மல்லேஸ்வரம் அரண்ய பவனில் உள்ள தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு நீங்கள் வளர்க்க இருக்கும் பட்டியலை எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

வேலை கைப்பழக்கம்தான். காளான் பவளத்தை நடுவாய் வழியாகக் கூரிய பிளேடால் இரண்டாக அறுத்தால் ஒவ்வொரு பாதியும் தனிக் காளானாகத் தேறும். ஆனால் வழவழப்பால் பசையில் ஒட்டாது. சிறிய கற்கள் போட்ட டப்பாவில் விட்டு, மேலே வலை கட்டி, மெல்லிய நீரோட்டத்தில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கல்லோடு விற்கலாம்.

ஜோவாந்திட் அறுக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அதில் சில வகைகளில் இருக்கும் பாலிடாக்சின் கொடிய நஞ்சு. அவை ஒட்டிய கல்லைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று வெந்நீரில் போட்டு, ஆவியை மூச்சில் இழுத்த குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் இந்த வேலை வேண்டாம்.

சாதகம்: குறைந்த வெளிச்சம் போதும், நீரில் சின்னத் தவறுகளைத் தாங்கும். பாதகம்: எளிதாகப் பெருகுவதால் விலையும் எளிதாக இறங்கும். வாங்கியவரே ஆறு மாதத்தில் உங்கள் போட்டியாளர்.

வழி 3: கோமாளி மீன்

நீமோ என்று பிள்ளைகள் கேட்டு வாங்கும் மீன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் இதன் இனப்பெருக்க முறையைச் செம்மைப்படுத்திக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பவளமும் தேவையில்லை, கடல் சாமந்தியும் தேவையில்லை. ஜோடி சேர்ந்த மீன்கள் ஒரு ஓட்டுத் துண்டிலேயே முட்டையிடும்.

முட்டை முதலில் ஆரஞ்சு நிறம். ஆறாம் ஏழாம் நாள் வெள்ளிக் கண்கள் தெரிந்தால் அன்றிரவோ மறுநாள் இரவோ இருட்டில் பொரியும். அந்தி சாயும்போதே முட்டையுள்ள ஓட்டுத் துண்டை இருட்டுத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகு வரும் முதல் வாரம்தான் பரீட்சை. குஞ்சுக்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் இரையாக வேண்டும், ரோட்டிஃபருக்கு நன்னோகுளோராப்சிஸ் பாசி வேண்டும். பாசி ஒருநாள் செத்தால் குஞ்சும் சாகும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வெள்ளைப் பட்டை விழுந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மூன்று நான்கு மாதத்தில் விற்பனை அளவு. பாசி வளர்க்கப் பொறுமை இல்லாதவர்கள், குஞ்சு மீனை வாங்கி வளர்த்து மட்டும் விற்கலாம். லாபம் குறையும், தூக்கம் கெடாது.

2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அலங்கார மீனுக்கு வீட்டுப் புறக்கடை அலகு 3 லட்சம், நடுத்தர அலகு 8 லட்சம், கடல் மீன் இனப்பெருக்க அலகு 30 லட்சம் என்று செலவு வகுக்கப்பட்டது. மானியம் பொதுப் பிரிவுக்கு 40, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மீன்வளத் துறையில் கேட்டுவிட்டுக் கடன் எடுங்கள். கடல் குதிரைக்கு ஆசைப்படாதீர்கள். அதுவும் முதல் அட்டவணை.

வழி 4: தொட்டி பராமரிப்பு

அடுக்குமாடி வீடுகளிலும் அலுவலக வரவேற்பறைகளிலும் தொட்டி வாங்கியவர்கள் பலர்; கழுவத் தெரிந்தவர்கள் சிலர். மாதச் சந்தாவுக்கு நீர் மாற்றுவது, உப்பளவு பார்ப்பது, வடிகட்டி சுத்தம் செய்வது. ஒரு ஸ்கூட்டர், சோதனைக் கிட், கலந்த உப்பு நீர் கேன்கள் இருந்தால் போதும். வாடிக்கையாளர் தொட்டியில் கல் பவளம் இருந்தால் அதை வாங்கவும் விற்கவும் இடம் மாற்றவும் இறங்காதீர்கள்.

யாருக்கு எது?

கையில் பணம் குறைவு, நேரம் உண்டு: நான்காம் வழி. அதில் உங்களுக்குச் சந்தையும் தெரியவரும், உங்கள் கையில் எத்தனை மீன் சாகிறது என்பதும் தெரியவரும். தரைத்தள இடமும் தினமும் காலை மாலை வீட்டில் இருக்க ஒரு ஆளும் உண்டு: மூன்றாம் வழி, குஞ்சு வளர்ப்பில் தொடங்கி. எழுத்தில் அனுமதிப் பதில் கிடைத்தவர்கள், தனி அறை உள்ளவர்கள்: இரண்டாம் வழி, மூன்றாவதுக்குத் துணைத் தொழிலாக மட்டும்.

என் தீர்ப்பு: பராமரிப்பில் தொடங்கி, அதில் வரும் பணத்தில் கோமாளி மீனுக்குப் போவதே பிரேசர் டவுனுக்குப் பொருந்தும். "பவளப் பண்ணை வைத்துத் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால், வனத்துறை அனுமதியின் நகலைக் கேளுங்கள். அது வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.