நாற்சந்தியில் நிற்கிற முருகன்



இந்த வாரப் பாடம் திருமுருகாற்றுப்படையிலிருந்து. முழு நூலும் இல்லை, அதுல வர்ற ஒரு பட்டியல் மட்டும். மாசத்துல பாதிக்கு மேல பஸ்லயும் ரயில்லயும் லாட்ஜ்லயும் கழிக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதறேன். நானும் அந்தக் கூட்டம்தான்.

எனக்கு ஊர் சித்தையன்கோட்டை. விடியக்காலையில பாங்கு சத்தம், வயல் பக்கம் போனா நெல் வாசனை, மேற்கே நிமிர்ந்து பார்த்தா கொடைக்கானல் மலை. ஆனா அந்த ஊர்ல நான் மாசத்துக்கு எட்டு நாள் இருந்தா அதிகம். ரைஸ் மில்லுல இருக்கிற கலர் சார்ட்டர் மெஷினுக்கு சர்வீஸ் பண்றது என் வேலை. கருப்பு, பழுப்பு மணியை கேமரா பார்த்ததும் காத்தால ஊதித் தள்ளுமே, அந்த மெஷின். காங்கேயத்துல ஆரம்பிச்சு கங்காவதி, மிரியாலகூடா, ராய்ப்பூர் வரைக்கும் மில் இருக்கிற ஊரெல்லாம் போகணும்.

மெஷின் ஓடுற சத்தத்துல பகல் போயிடும். ராத்திரிதான் கஷ்டம். ஒருதடவை மிரியாலகூடாவுல காய்ச்சல். லாட்ஜ் ரூம்ல படுத்துக்கிட்டு ஃபேனையே பார்த்துட்டு இருந்தேன். அம்மா போன்ல "சாப்டியாப்பா?"ன்னாங்க. "ஆச்சும்மா"ன்னேன். வச்சதுக்கப்புறம் வந்த நினைப்பு காய்ச்சலை விட மோசம். இந்த ஊர்ல நான் இருக்கிறதும் இல்லாததும் யாருக்கும் ஒண்ணுதான். நாளைக்கு வேற ஊர், அங்கேயும் அப்படித்தான். இப்படிச் சுத்திச் சுத்திக் கடைசியில எங்க போய்ச் சேரப்போறேன்? மாசச் சம்பளம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லல.

உங்கள்ல நிறைய பேருக்கு இந்தக் கேள்வி தெரிஞ்சிருக்கும். டெலிவரி, மெடிக்கல் ரெப், லாரி, ஷிப், ஐடி புராஜெக்ட்... வேலைதான் வேற வேற, ராத்திரி ஒண்ணுதான்.

சரி, பாடத்துக்கு வருவோம்.

'ஆறு' என்றால் வழி. வழிப்படுத்துவதுதான் ஆற்றுப்படுத்துதல். சங்க காலத்தில் பாணர், கூத்தர், பொருநர், விறலியர் எல்லாம் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்கள். பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிற ஒருவர், பசியோடு எதிரே வருகிற இன்னொருவரைப் பார்க்கிறார். "இந்த வழியா போ, இன்ன ஊர்ல இன்னது சாப்பிடத் தருவாங்க, இன்ன மன்னனைப் பார், உன் வறுமை தீரும்" என்று சொல்லி அனுப்புகிறார். ஆற்றுப்படை என்கிற இலக்கிய வகையே இதுதான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, இது வீட்டுல உட்கார்ந்திருக்கிறவனுக்கான இலக்கியமே இல்ல. வழியில நிக்கிறவனுக்கு, வழியில போய் வந்தவன் சொல்றது. (இன்னிக்கும் நம்ம அரசாங்கத்துல கவுன்சலர் வேலைக்கு 'ஆற்றுப்படுத்துநர்'னுதான் பேர். யார் வச்சாங்களோ, நல்ல பேர்.)

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை. மற்ற நான்கும் வள்ளலிடம் அனுப்புகின்றன. முதல் நூலான திருமுருகாற்றுப்படையில் மட்டும் நக்கீரர் முருகனிடம் அனுப்புகிறார். திருப்பரங்குன்றம், திருச்சீரலைவாய் என்கிற திருச்செந்தூர், திருவாவினன்குடி என்கிற நம்ம பழனி, திருவேரகம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், ஐந்தாவதாக ஒரே ஊரைச் சொல்லாமல் குன்றுதோறாடல் என்கிறார். எந்த மலையாக இருந்தாலும் அவன் ஆடுகிற இடம்தான் என்று அர்த்தம். கடைசியாக வருவது பழமுதிர்சோலை. அந்தப் பகுதியில்தான் நான் சொன்ன பட்டியல் இருக்கிறது. முருகன் எங்கெல்லாம் இருப்பான் என்றால் காட்டில், சோலையில், ஆற்றில், குளத்தில், நாலு தெரு கூடுகிற இடத்தில், வழிகள் சந்திக்கிற இடத்தில், பூத்த கடம்ப மரத்தடியில், ஊர்ப் பொது மன்றத்தில். பக்தன் எங்கே நினைத்துக் கூப்பிடுகிறானோ அங்கே.

இதைப் படிச்சதும் எனக்கு முதல்ல செம்பட்டிதான் ஞாபகம் வந்தது. எங்க ஊர்லேர்ந்து வெளியூர் போறவங்க செம்பட்டிக்கு வந்துதான் பஸ் பிடிப்போம். திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், மதுரைன்னு நாலு பக்கமும் வண்டி பிரியற இடம். தைப்பூசச் சமயத்துல காவடியும் பச்சைத் துணியுமா பழனிக்கு நடக்கிறவங்க கூட்டம் கூட்டமா அந்த வழியாத்தான் போறாங்க. மத்த நாள்ல அது டீக்கடையும் ஹாரன் சத்தமும்தான். பையோட எத்தனையோ ராத்திரி அங்க நின்னிருக்கேன். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத இடம்னு நான் நினைச்ச அந்த மாதிரி சந்தியைத்தான் நக்கீரர் முருகனோட விலாசத்துல சேர்த்திருக்கார்.

'படைவீடு' என்கிற சொல்லையும் கவனியுங்கள். படையோடு போகிற தலைவன் வழியில் பாளையம் இறங்கித் தங்குகிற இடம் அது. நாம் ஆறு ஊரைச் சொல்லி வணங்குவது, போகிற வழியில் அவன் தங்குகிற ஆறு இடங்களைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். பழனி ஆண்டி படத்தைப் போட்டு "தனியா நில், அதுதான் கெத்து"ன்னு ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு வந்த பிள்ளை பழனியில நின்னான், சரி. அவன் பின்னாலேயே அம்மையும் அப்பனும் சமாதானம் சொல்ல வந்தாங்கங்கிறதும் அதே கதையிலதான் இருக்கு. அந்தப் பாதியை ஏன் வெட்டணும்? கர்நாடகத்துல சண்டூர் மலையில பழமையான குமாரசாமி கோயில் இருக்கு, கங்காவதி பக்கம் வேலைன்னு போறவங்க பார்க்கலாம். அங்கேயும் அவனுக்குப் பக்கத்துலேயே பார்வதிக்குத் தனிக் கோயில்.

பயணத்தையே வாழ்க்கையா வச்சிருந்தவங்க இந்தத் தனிமையை எப்படிச் சமாளிச்சாங்கன்னு பார்க்க நகரத்தார் வரலாறு நல்ல பாடம். 17ஆம் நூற்றாண்டில் செட்டிநாட்டிலிருந்து உப்பு வியாபாரத்துக்காகப் பழனி வந்தவர், லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக எழுதி வைத்தார். இன்றைக்கும் தைப்பூசத்துக்கு அவர்கள் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகச் சர்க்கரைக் காவடியோடு நடந்து வருகிறார்கள், நம்ம மாவட்டத்துக்காரங்க எல்லாரும் பார்த்திருப்போம். பிறகு கடல் தாண்டி பர்மா, மலாயா, சிங்கப்பூர், சைகோன் என்று கணக்குப் பெட்டியோடு போனார்கள். குடும்பம் ஊரில். மூன்று வருஷம் ஒரு தவணை. போனும் கிடையாது, வீடியோ காலும் கிடையாது, கடிதம் கப்பலில் வரணும்.

அவங்க என்ன பண்ணாங்க? தனித்தனி ரூம் எடுக்கல. கிட்டங்கின்னு ஒரே நீளக் கட்டடம், ஆளுக்கு ஒரு பெட்டி, பகல்ல அதுதான் ஆபீஸ், ராத்திரி அதுக்குப் பக்கத்துலேயே படுக்கை. சேர்ந்து சமையல். போன ஊர்ல எல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859ல் கட்டியது. தைப்பூசத்துக்கு முதல் நாள் அங்கே வெள்ளி ரதம் புறப்படுவதைச் 'செட்டிப் பூசம்' என்றே சொல்கிறார்கள். கோயில் வெறும் கும்பிடுற இடமா மட்டும் இல்லாம, "இன்னிக்கு அவரைக் காணோமே, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்க ஆள் இருக்கிற இடமா இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். மிரியாலகூடாவுல எனக்கு இல்லாமப் போனது அந்த ஒரு கேள்விதான்.

அருணகிரிநாதரையும் சொல்லாம விட முடியாது. 15ஆம் நூற்றாண்டு. வாழ்க்கை வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கிப் பிடித்தான் என்பது நமக்குத் தெரிந்த கதை. அதுக்கப்புறம் அவர் ஓர் இடத்துல உட்காரல, இதுதான் எனக்கு முக்கியமாப்படுது. இருநூறுக்கும் மேற்பட்ட தலங்களுக்குத் திருப்புகழ் இருக்கிறது. கதிர்காமம், திருகோணமலை, காசி வரை. பயணத்துக்கு முன்னாடி வெறுமை, பயணத்துல பாட்டு. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊரின் பேரையோ வயலையோ ஆற்றையோ பாட்டுக்குள் வைத்து, அங்கே இருக்கிற பெருமாளே என்று முடிக்கிறார். வந்து போன ஊர் அவருக்கு வெறும் ஸ்டாப்பிங் இல்ல.

நான் அவர்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்ட பழக்கம் சின்னது. எந்த ஊர்ல இறங்கினாலும் முதல்ல அந்த ஊர்ல ஓடுற ஆறு எது, குளம் எதுன்னு யாரையாவது கேட்பேன். டீக்கடைக்காரர்கிட்ட கேட்டா அஞ்சு நிமிஷப் பேச்சு நிச்சயம். சாயங்காலம் ஏதாவது ஒரு கோயில். முருகன் கோயிலாவே இருக்கணும்னு இல்ல. ராத்திரி நோட்டுல ஊர்ப் பேரை எழுதி, "இங்கே இருக்கிற முருகா"ன்னு ஒரு வரி சேர்த்து எழுதுவேன். அப்புறம் அதே மாதிரி வெளியூர்ல இருக்கிற ரெண்டு பேருக்கு "எந்த ஊர்ப்பா, சாப்ட்டாச்சா"ன்னு வாய்ஸ் மெசேஜ். இப்ப நாங்க ஏழு பேர். ஒருத்தர் ரெண்டு நாள் பதில் போடலைன்னா மத்தவங்க போன் அடிச்சிடுவோம். கிட்டங்கியில நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்னு நினைக்கிறேன்.

ஒண்ணு மட்டும் வெளிப்படையா சொல்றேன். வாரக்கணக்கா தூக்கமில்ல, எதுவும் பிடிக்கல, இருக்கவே வேண்டாம்னு தோணுதுன்னா, கவசம் படிங்கன்னு மட்டும் சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன். டாக்டரைப் பாருங்க. 14416க்குப் போன் போடுங்க, டெலி மனஸ்னு அரசாங்கச் சேவை, இலவசம், தமிழ்லேயே பேசலாம். அதுவும் ஓர் ஆற்றுப்படைதான்.

அடுத்த வாரம் நான் ராய்ப்பூர்ல இருப்பேன். அந்தப் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க, சாயங்காலம் சேர்ந்து கோயிலுக்குப் போகலாம்.

வேலும் மயிலும் துணை.